சரசு ஏற்படுத்திய அகில இந்திய விருது

பரசுராமனின் மாவு மில்லில் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். கல் ஒரு பக்கம் உறுமும். பெல்ட் ஒரு பக்கம் படபடக்கும். டின்னும் கூடையுமாக வரிசையில் நிற்கிற பெண்கள் இரண்டையும் மீறிப் பேசுவார்கள். காலமெல்லாம் அதற்குள்ளேயே இருந்து பழகிப்போனதால், வீட்டில் ரசத்துக்கு உப்பு கம்மி என்பதைக்கூட அவர் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். அன்றைக்குக் கோபம் வேறு சேர்ந்துகொண்டது.

"பந்து ஆடுறவன்னா கூட போனாப் போவுதுன்னு வுட்டுடுவேன் சரசு! பதினோரு பேர்ல பத்து பேர் ஓடுறானுங்க! இவன் ஒருத்தன் மட்டும் ரெண்டு கம்பத்துக்கு நடுவுல சும்மா நிக்கிறான்! சும்மா நிக்கிறவனுக்கு எம்பொண்ணா? நாட்டுலயே இவன்தான் நம்பர் ஒன் ஆட்டக்காரன்னு எவனாவது மேடை போட்டு மைக்ல..."

இந்த இடத்தில் கரெண்ட் போனது. கல் நின்றது. பெல்ட் நின்றது. விஷயம் ருசியான கட்டத்தில் இருந்ததால் பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். பரசுராமனின் தொண்டை மட்டும் நிற்கவில்லை.

"...சொல்லட்டும்! அடுத்த முகூர்த்தத்துல நானே தாம்பாளம் தூக்கிட்டு வரேன்!"

அந்தச் சத்தம் சைக்கிள் கடையைத் தாண்டி, வளையல் கடைகளைத் தாண்டி, தேரடித் தெரு வரைக்கும் போனதாக அப்புறம் சொன்னார்கள். போயிருக்கும். திருவண்ணாமலையில் 1977-ம் வருஷம் ஐப்பசி மாதம் இதைவிடப் பெரிய சேதி எதுவும் கிடையாது. சொன்ன சொல் மாறாதவன் என்று பரசுராமனுக்குத் தன்னைப் பற்றி ஒரு பெருமை உண்டு. அதையும் அவர் ஊருக்குப் பலமுறை கத்திச் சொல்லியிருக்கிறார்.

சரசு மாவு படிந்த முகத்தோடு நின்று அப்பாவைப் பார்த்தாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் அப்பாவின் நிபந்தனையை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மேடை, மைக். அவ்வளவுதானா?

அவளுக்கு இருபத்து மூன்று வயது. டைப் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிற வேலை. தருமன் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற குடும்பத்துப் பிள்ளை. மெட்ராஸில் ஒரு கம்பெனி அவனைத் தன் டீமுக்குக் கோல்கீப்பராகக் கேட்டது. டைப் பாஸ் பண்ணி வந்தால் குமாஸ்தா வேலையும் உண்டு என்றது. அதற்காக வந்து சேர்ந்தான். அவன் கை இருக்கிறதே, ஒரு விரலை வைத்தால் இரண்டு எழுத்து விழும். அந்த விரல்களை எடுத்துச் சரியான எழுத்தில் வைப்பதிலேயே சரசுவுக்கு ஆறு மாசம் போனது. அதற்கப்புறம் எடுக்க மனசு வரவில்லை. சாதி சனம், நிலம் நீச்சு, பிள்ளையின் குணம், எதிலும் பரசுராமனுக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். பந்து முழுக்க முழுக்க அந்தக் கோடியில் இருந்தது. இந்தக் கோடியில் தருமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அதோடு முடிந்தது.

அன்று மாலையே சரசு காசியின் கடைக்குப் போனாள். காசி சவுண்ட் சர்வீஸ் என்றால் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் காணாமல் போகிற பிள்ளைகளை எல்லாம் மைக்கில் கூப்பிட்டுச் சேர்த்துவைக்கிறவன் அவன்தான். அருணை கால்பந்துக் கழகத்துக்குச் செயலாளரும் அவனே. கழகத்தில் பதினோரு பேர் சேர்ந்தாற்போல் இருந்தது கிடையாது. மேட்ச் என்றால் இரண்டு மூன்று பேரை எதிர் டீமிடமே இரவல் கேட்பார்கள்.

"காசி அண்ணா, நம்ம கிளப்பு ஒரு விருது குடுக்கணும்."

காசி பல்லால் வயரைச் சீவிக்கொண்டிருந்தான். "யாருக்கும்மா?"

"இந்தியாவுலயே சிறந்த கால்பந்து வீரருக்கு."

வயர் கீழே விழுந்தது. "நாமளா? டெல்லியில யாராவது கோச்சுக்கப் போறாங்க!"

"குடுக்கறவங்க மேல எவன் அண்ணா கோச்சுக்குவான்? இதே தெருவுல அகில இந்திய பீடா ஸ்டோர் இருக்குது, அகில உலக ஜோசியர் இருக்காரு. அவங்கள எவன் கேட்டான்?"

காசி வயரைப் பொறுக்கி மேஜை மேல் வைத்தான். மில்லில் நடந்தது அவன் காதுக்கும் வந்திருந்தது. முகம் மெதுவாக மலர்ந்து, சிரிப்பு காதுவரைக்கும் போனது. "ஆனா ஒண்ணு. வருஷா வருஷம் குடுக்கறதா சொல்லணும். ஒரே ஒரு தடவைன்னா உங்கப்பா மோப்பம் புடிச்சிடுவாரு. அகில இந்திய ஆண்டு விருது. முதலாம் ஆண்டு!"

சொல்லிவிட்டு இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு வாரத்தில் சுவரொட்டி வந்துவிட்டது. 'அகில இந்திய' என்பது பெரிய எழுத்து. 'அருணை கால்பந்துக் கழகம்' என்பது, தேடினால் கிடைக்கிற அளவுக்கு இருந்தது. பரிசாக எவர்சில்வர் குடம் ஒன்றைப் பாத்திரக்கடைக்காரர் சும்மாவே தந்தார். கோப்பை மாதிரி இருக்கட்டும் என்று காசி அதற்கு இரண்டு காது வைத்துப் பற்றவைத்தான்.

பரசுராமன் சுவரொட்டியை நின்று படித்தார். அவர் ஒன்றும் ஏமாளி இல்லை.

"யாரு முடிவு பண்றது? காசியா?" வீடு அதிர்ந்தது. "அவன் ஒரு டீ வாங்கிக் குடுத்தா கழுதைக்குக் கூட விருது குடுப்பான்! ஜெயபால் நயினாரு சொல்லட்டும். அவரு சொன்னா நான் ஒத்துக்கறேன்!"

சரசுவின் கணக்கில் நயினார் இல்லை. மல்லாட்டை மண்டி ஜெயபால் நயினார் வாயிலிருந்து பொய் வராது. அது அவர் எடுத்துக்கொண்ட விரதம். சமணக் குடும்பத்தில் பலர் அப்படி எடுத்துக்கொள்வதுண்டு. ஆனால் இவர் அளவுக்கு அதைக் கடைப்பிடித்து அக்கம்பக்கத்தைப் படுத்தியவர்கள் கம்மி. புதுப்புடவை கட்டிக்கொண்டு 'எப்படி இருக்குது?' என்று அவரிடம் கேட்பதை அவர் மனைவி சுனந்தா விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஊரில் எந்தச் சண்டையானாலும் அவரிடம்தான் தீர்ப்புக்கு வரும். ஜெயித்தவனும் முகம் சுளித்துக்கொண்டுதான் திரும்பிப் போவான்.

சரசு மண்டிக்குப் போய்க் கேட்டாள். அவர் மல்லாட்டை ஒன்றை உடைத்துப் பருப்பைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் ஜென்மத்துல பந்தாட்டம் பாத்ததில்லம்மா. பாக்காததைச் சொல்ல மாட்டேன். மார்கழியில மெட்ராஸ்ல அகில இந்தியப் போட்டி நடக்குதாமே? நாடு பூரா இருக்கற டீமுங்க வருமாமே? போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன். என் கண்ணுல எவன் ஒசத்தியாத் தெரியறானோ, அவன் பேரு."

சரசு தரையில் கால் படாமல் வீட்டுக்கு வந்தாள். டைப் பாஸ் பண்ணித் தருமன் போய்ச் சேர்ந்த கம்பெனி டீம் அந்தப் போட்டியில் ஆடுகிறது! நயினார் மட்டும் அவனைப் பார்த்தால் போதும், வேறு யார் பெயரையும் சொல்ல மாட்டார். விருதுக்கு நயினாரைவிட நல்ல ஆள் அகப்படுவாரா? அவர் சொல்லை அப்பாவால் மறுக்கவே முடியாதே!

"நானும் மெட்ராஸ் போறேன்," என்றார் பரசுராமன். "நயினாருக்கு சூது வாது தெரியாது. எவனாவது கூட உக்காந்து காதுல ஓதிடுவான்."

போகட்டுமே! நன்றாகப் போகட்டும்! சரசு அவருக்கு முறுக்கும் புளிசாதமும் கட்டிக்கொடுத்தாள். தருமனுக்கு டிரங்க் கால் போட்டு, இரைச்சலுக்கு நடுவே, "நல்லா ஆடு, என்னா?" என்று கத்தினாள். "எப்பவும் ஆடற மாதிரிதானே ஆடுவேன்?" என்று அவன் கத்தினான். கோல்கீப்பர்களுக்குப் பதற்றம் வராது போலிருக்கிறது. அவளுக்குத்தான் அந்த வாரம் பூராவும் சோறு இறங்கவில்லை.

பேப்பர் வரவர, காசி கடையில் தீபாவளிதான். பம்பாய் டீமை ஜெயித்தார்கள். கோவாக்காரர்களோடு ஆட்டம் சமமாகி, கடைசியில் ஆளுக்கொரு பெனால்டி அடித்ததில் ஜெயித்தார்கள். 'கோல்கீப்பர் தருமன் அபாரம்' என்று ஒருநாள் வந்தது. காசி அதை ஒலிபெருக்கியில் படித்துவிட்டான். காணவில்லை அறிவிப்புக் கேட்டே பழகிய ஊர். தருமன் என்கிற பிள்ளை எங்கேயோ தொலைந்துவிட்டதென்று இரண்டு பாட்டிகள் பதறிக்கொண்டு வந்தார்கள். அரையிறுதியில் கல்கத்தா டீம் ஒரே ஒரு கோல் போட்டு இவர்களை அனுப்பிவைத்தது. அதனால் என்ன? கோப்பையா முக்கியம்? நயினார் பார்த்துவிட்டார், அது போதும்.

நயினாரும் அப்பாவும் ஊர் வந்து சேர்ந்த அன்று சரசு நேராக மண்டிக்கு ஓடினாள்.

"எப்படி ஐயா இருந்துச்சி?"

"பிரமாதம்மா. பந்தாட்டம் இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே. முதல் பாதி ஒண்ணு வுடாமப் பாத்தேன்."

"முதல் பாதின்னா?"

"ஆட்டம் நாலு மணிக்குத்தானே ஆரம்பிக்கறான். பொழுது சாயறதுக்குள்ள நான் சாப்பிட்டாவணுமில்ல? வேப்பேரியில என் மச்சான் வீடு. பஸ்ஸு புடிச்சிப் போயிச் சேரணும். அதனால பாதியில விசில் அடிச்சதும் எழுந்துடுவேன்."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்தான்."

சரசு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். சமணர்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதில்லை; நயினார் வீட்டுக் கல்யாணமென்றால் கடைசிப் பந்தியும் பகலோடு முடிந்துவிடும். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். அவளும் அப்படி எத்தனை பந்தியில் உட்கார்ந்து வெளிச்சத்தில் பாயசம் குடித்திருக்கிறாள்! அது ஏன் அவள் புத்திக்கு எட்டவில்லை? தருமனின் டீம் முழுக்கக் குமாஸ்தாக்கள். முதல் பாதியில் பேயாக ஓடுவார்கள்; பந்தைத் தங்கள் கோலுக்கு வர விடமாட்டார்கள். அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். மிச்ச ஆட்டம் முழுவதும் தருமன் தலையில்தான் விழும். நயினார் பார்த்த அத்தனை முதல் பாதியிலும் அவன் என்ன செய்திருப்பான்? சும்மா நின்றிருப்பான்.

"அப்ப... செகண்ட் ஆஃப்?"

"உங்கப்பா இருந்து பாத்தாரே. தினம் தினம் கேட்டேனே. 'ஒண்ணும் ஆவல நயினாரே, நின்னான்'ன்னு சொன்னாரு."

சரசு வீட்டுக்கு நடந்தாள். மலையைப் பார்த்து ஏதாவது வேண்டிக்கொள்ளலாமென்றால் என்னவென்று வேண்டிக்கொள்வது? நயினாருக்குப் பொழுது சாய்ந்தபின் பசிக்க வேண்டும் என்றா?

பரசுராமன் மெட்ராஸிலிருந்து வந்ததிலிருந்து ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். முதலாவது, தொண்டை கட்டியிருந்தது. முப்பது வருஷம் மில்லில் கத்தியும் கட்டாத தொண்டை. "மெட்ராஸ் தண்ணி சேரல," என்றார். மத்தியானத் தூக்கத்தில் "எடது பக்கம்! எடது பக்கம்டா!" என்று உளறினார். பிறகு, மில்லுக்கு அரைக்க வருகிற வெள்ளையம்மாளின் டின் விஷயம். அரிசி டின்னைத் தலையிலிருந்து இறக்கும்போது அந்த அம்மாளுக்குக் கை நழுவியது. கல்லாவில் உட்கார்ந்திருந்த பரசுராமன் அப்படியே பக்கவாட்டில் பறந்தார். தரையில் விழுந்து, டின்னை நெஞ்சோடு அணைத்து, ஒரு புரட்டு புரண்டு எழுந்தார். ஒரு அரிசி சிந்தவில்லை. மில் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"வழுக்கிடுச்சி," என்றார் பரசுராமன், வேட்டியைத் தட்டிக்கொண்டே.

சரசு அன்று இரவுச் சாப்பாட்டில் நேராகவே கேட்டாள். "அப்பா, மெட்ராஸ்ல செகண்ட் ஆஃப்ல இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல," என்றார் அவர்.

மெதுவாகச் சொன்னார். அவள் பிறந்ததிலிருந்து அப்பா ஒரு வார்த்தை மெதுவாகச் சொல்லிக் கேட்டதில்லை. பொய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பண்ணுவது? பேப்பரில் வந்ததை நயினார் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்; நேரில் பார்த்த ஒரே சாட்சி அப்பாதான், அவர் வாயிலிருந்து வராது. சரசுவுக்கு அப்பா மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. தொண்டை கட்டுகிற வரைக்கும் யாருக்காகவோ கத்திவிட்டு வந்து, பெண்ணின் முகத்துக்கு நேரே சோற்றைப் பிசைந்துகொண்டு இப்படிச் சொல்ல ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வருகிறது?

பொங்கலுக்குத் தருமன் ஊருக்கு வந்தான். அவனாவது ஏதாவது உபயோகமாகச் சொல்வானென்று பார்த்தாள்.

"எப்படி ஆடின?"

"ஒண்ணு வுட்டுட்டேன் சரசு." அவன் முகம் பரவசமாக இருந்தது. "கல்கத்தா ஹரிபத மண்டல் அடிச்சான் பாரு ஒண்ணு! வலது பக்கம் பாக்கறான், ஒடம்பு வலது பக்கம் போவுது, பந்து மட்டும் எடது பக்கம் வருது! அவன் கால்ல கண்ணு இருக்குது. சத்தியமாச் சொல்றேன், எனக்கே கை தட்டணும்னு இருந்துச்சி."

"மீதியெல்லாம் புடிச்சியே, அது?"

"அது புடிச்சிட்டேன். அதுல இன்னா இருக்குது?"

சரசுவுக்கு அவனை அந்த எவர்சில்வர் குடத்தாலேயே ஒரு போடு போடலாம் போலிருந்தது.

காணும் பொங்கலன்று மத்தியானம் மூன்று மணிக்குத் தேரடித் தெருவில் மேடை. நயினாருக்காகத்தான் அவ்வளவு சீக்கிரம் வைத்தார்கள். வீட்டுக்கு வீடு விருந்தாளிகள் வந்திருந்த நாள். கரும்பைக் கடித்துக்கொண்டு ஊரே வந்து நின்றது. அடி அண்ணாமலையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள்கூட உண்டு. அகில இந்திய விருது என்றதும், டெல்லியிலிருந்து யாராவது வருவார்கள் என்று சிலர் நல்ல சட்டை போட்டு வந்திருந்தார்கள். நான்கு வீதிக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தான் காசி. "அனைவரும் மேடை அருகே வரவும்," என்று அவன் குரல் கேட்டதும் தாய்மார்கள் அவரவர் பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

மேடையில் நான்கு நாற்காலி. நயினார், காசி, உள்ளூர் வீரர் என்ற முறையில் தருமன், நாலாவதில் குடம். பரசுராமன் கூட்டத்தின் முன்வரிசையில் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மில்லுக்கு வருகிற பெண்கள் சரசுவைச் சுற்றி அரண் மாதிரி நின்றார்கள். நயினார் யாரிடமும் முடிவைச் சொல்லவில்லை. முந்தாநாள்கூட காசி கெஞ்சிப் பார்த்திருக்கிறான். "மேடையில சொல்றேன்," என்பதோடு சரி.

நயினார் எழுந்தார். மைக்கைத் தொடாமல், ஒரு முழம் தள்ளி நின்று பேசினார்.

"நான் பாத்ததைச் சொல்றேன். பாக்காததைப் பத்தி எனக்கு அபிப்பிராயம் இல்ல. நம்ம ஊருப் பிள்ளை தருமனையும் பாத்தேன். நல்ல பிள்ளை. ஒழுங்கா நின்னாரு. ஆனா என் கண்ணுக்கு இந்த வருஷம் நாட்டுலயே சிறந்த ஆட்டக்காரரு, கல்கத்தா டீம்ல ஆடற ஹரிபத மண்டல்."

கரும்பு கடிக்கிற சத்தம்கூட நின்றது. யாரோ ஒருவர் மட்டும், மரியாதைக்கு, இரண்டு தட்டு தட்டி நிறுத்தினார்.

சரசு மேடையிலிருந்த குடத்தைப் பார்த்தாள். முடிந்தது. தானே மேடை போட்டு, தானே மைக் கட்டி, ஊரைக் கூட்டி, தன் கல்யாணத்தைக் கல்கத்தாவுக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்று. பக்கத்தில் வெள்ளையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடையில் தருமன் எழுந்து மனசாரக் கை தட்டினான். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. இவ்வளவு நல்ல ஆளை எப்படி விடுவது?

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது.

"இன்னாய்யா அநியாயம் இது!"

மைக் இல்லாமலே நான்கு வீதிக்கும் கேட்டது. பரசுராமன் படியைத் தேடவில்லை; கையை ஊன்றி மேடையில் தாவினார். காசியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். மில் தொண்டையும் மைக்கும் ஒன்றாகச் சேர்ந்தது அன்றைக்குத்தான். ஸ்பீக்கர்கள் கீச்சிட்டன, கோபுரத்தில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி ஒரு சுற்று சுற்றின.

"நயினாரே! நீங்க பாத்தது பாதி! மீதிப் பாதியை நான் பாத்தேன்! ஒண்ணும் ஆவலன்னு உங்ககிட்ட சொன்னது பொய்! தினம் தினம் பொய் சொன்னேன்!"

"முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் நயினார், நிதானமாக.

"வெக்கமா இருந்துச்சி நயினாரே! ஊரு பூரா கேக்கற மாதிரி திட்டிட்டு, அவனைப் பாத்து நானே எழுந்து கை தட்டினேன்னு எப்படிச் சொல்றது?" பரசுராமன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேளுங்கய்யா! பம்பாய்க்காரன் ஒருத்தன், ஆறடி, மதம் புடிச்ச யானை மாதிரி வரான். அடிச்சான். பந்து மூலைக்குப் போவுது. போச்சுடா, கோலுன்னு நான் துண்டை ஒதறிட்டு எழுந்துட்டேன். இவன் பறக்கறான்! எங்கேருந்து பறக்கறான்? சும்மா நிக்கற எடத்துலேருந்து! ஓடி வந்து பறந்தா நான்கூடப் பறப்பேன்யா! நின்ன எடத்துலேருந்து பறக்கறதுக்கு எவனால முடியும்?"

சொன்னவர் பறந்தும் காட்டினார். மேடைப் பலகை 'தொம்' என்றது. மைக்கை விடாமலே விழுந்ததால் அந்தத் 'தொம்' ஊர் முழுக்க இடி மாதிரி போனது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அவர் எழுந்தார். மறுபடி ஆரம்பித்தார்.

"கோவாக்காரனுங்க ரெண்டு பேர் தனியா வரானுங்க. இவன் ஒருத்தன். அவனுங்க கால்ல போய் விழுந்து பந்தை எடுத்தான்யா! மூக்குல ரத்தம். தொடைச்சிக்கினான். பந்தை உருட்டி வுட்டான். பழையபடி போய் சும்மா நின்னான்! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி! பக்கத்துல இருந்தவன் 'உங்க பையனா சார்?'ன்னு கேக்கறான். நான் ஆமான்னு சொல்லிட்டேன்! அதுவும் பொய்!"

சிரிப்பு, விசில், கைதட்டல். சரசு எப்போது அழுகையை நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பாவின் வேட்டி அவிழ்கிற நிலையில் இருந்தது. துண்டு எங்கேயோ பறந்துபோயிருந்தது. கன்னம் இரண்டும் நனைந்திருந்தது. இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டா இந்த மனுஷர் ஒரு மாசம் மாவு அரைத்தார்? கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அதனால சொல்றேன்! ஹரிபதனாவது மண்டலாவது! இந்த நாட்டுலயே நம்பர் ஒன் ஆட்டக்காரன் இவன்தான்யா! தருமன்தான்! எவன் வேணும்னாலும் வந்து கேளு, நான் சொல்றேன்!"

மில் பெண்களுக்குத்தான் முதலில் உறைத்தது. வெள்ளையம்மாள் சரசுவின் விலாவில் ஒரு குத்து விட்டாள். "சொல்லிட்டாருடி! மேடையில! மைக்ல! அவரே சொல்லிட்டாருடி!" அந்தப் பேச்சு வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. நயினார்கூடத் தலையை ஆட்டி, "சாட்சி நேர்ல பாத்திருக்காரு," என்றார். காசி குடத்தைத் தூக்கிக்கொண்டு தருமனை நோக்கி வந்தான்.

தருமன் குடத்தை வாங்கவில்லை. முகம் சிவந்து, கூச்சத்தோடு மைக் பக்கம் குனிந்தான்.

"இல்லீங்க. நயினார் ஐயா சொன்னதுதான் கரெக்ட். என்னைவிட மண்டல்தான் பெரிய ஆட்டக்காரரு. அவர் அடிச்சதை நான் வுட்டுட்டேனே. என் பேரைப் போடறது சரியில்லைங்க."

சரசு தலையில் கை வைத்துக்கொண்டாள். படுபாவி! எல்லாம் கூடிவந்த நேரத்தில் இவனுக்கு எங்கிருந்து வந்தது இந்த நியாயம்? கூட்டம் பரசுராமனைப் பார்த்தது.

பரசுராமன் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு மைக்கைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நீ சும்மா இரு மாப்ளே! உனக்கு ஆட்டம் தெரியாது!"

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. அவருக்கும்தான், வாய் திறந்தது திறந்தபடியே நின்றார். அப்புறம் தெருவே வெடித்தது. கரும்புத் துண்டுகள் வானத்தில் பறந்தன. காசி குடத்தைத் தட்டித் தாளம் போட்டான். தருமன் தன் பெரிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டான், அவர் விடவில்லை. சரசு பெண்களை விலக்கிக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்க்கிறதே என்ற எண்ணம் கொஞ்சமும் இல்லாமல், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையில் ஏறினாள்.